எடைக்கு

உக்கடத்தில்
ஓடுமா என்று கேட்டால் சிரிக்கிறார்கள்.
எத்தனை கிலோ, அதுதான் கேள்வி.
"உனக்குச் சுத்தணும், எனக்கு உருகணும்,
கருகினாலும் செம்பு செம்புதானே தம்பி"
என்றார் அமானுல்லா, தராசுக்குப் பின்னாலிருந்து.

என்னிடம் ஆயிரத்து இருநூறு.
பையில் ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பு,
இரண்டு முழம் ஒயர்.
மோட்டாரோடு சீரீஸில் மாட்டினால்
மங்கலாய் எரியணும். பளிச்சென்று எரிந்தால் ஷார்ட்.
வெளிச்சத்தைப் பார்த்து இத்தனை தடவை
நான் நொந்துகொண்டதில்லை.

நாலு ஞாயிறு.
வாஷிங் மெஷின் மோட்டார், கத்தியை வைத்து அழுத்தினால்
நின்றுவிடும் ரகம்.
கணபதியில் ஒரு மாவு கிரைண்டருடையது:
ஷாஃப்டை விரலால் உருட்டினால்
உள்ளே தொண்டை கட்டிய ஆள்.
ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் எண்ணெய்க்குள்ளேயே வாழ்ந்த ஜீவன்,
வெளியே எடுத்தால் பிழைக்காது.
ஃபவுண்டரியில் பகலெல்லாம்
யார் யாருக்கோ பம்பு வார்ப்புகளைத் தேய்க்கிறேன்,
வீட்டில் ஒரு கத்தி தேய்க்க
மோட்டார் இல்லை.

தெக்கலூர் திரும்பியதும் நாகமணி சொன்னாள்:
"எங்க கம்பெனில ஒட்டுக்கா செர்வோ மாத்திப்போட்டாங்க.
பழசெல்லாம் ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால கெடக்குது.
ஒரு வார்த்தை கேட்டிருந்தா
நாலு வாரப் பெட்ரோல் மிச்சம்."

திருப்பூர். பத்தொன்பது கிளட்ச் மோட்டார்கள்
பாசி பிடித்த சுவரோரம்.
பதினொன்று த்ரீ ஃபேஸ்.
மீதியில் நாலுக்கு பல்பு மங்கலாய் எரிந்தது.
எலக்ட்ரீஷியன் பொங்கியண்ணன் கிலோ எண்பது என்றார்.
எடைக்குத்தானே என்று
இருப்பதில் லேசானதைத் தூக்கினேன்.
வீட்டில் திறந்தால் காயில் அலுமினியம்.
அமானுல்லா பார்த்திருந்தால்
அந்த வாரம் முழுக்கச் சிரித்திருப்பார்.

ஷாஃப்டில் நூல் சுற்றிக் கிடந்தது.
பிளேடால் கீறக் கீற
நேவி ப்ளூ, பாட்டில் க்ரீன்,
கடைசியில் ஒரு வெளிர் ரோஸ்.
"இது கொரோனாவுக்கு முந்தின ஆர்டர்,
பாதி தைக்கறப்பவே கேன்சலு" என்றாள்
கிள்ளி எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தாள்.

நூலை எடுத்தேன். பஞ்சை மறந்தேன்.
ஃபேனுக்குள் அடைந்திருந்த பனியன் பஞ்சு,
எத்தனை வருசத்ததோ.
பெல்ட்டும் திசை மாறி மேல்நோக்கி ஓடியது,
சின்னராசு கறிக்கடைக் கத்தியை வைத்ததும்
பொறியெல்லாம் பின்னால் பறந்து
மோட்டார் புகைந்தது. பிறகு
ஒரு நீல நாக்கு.
நான் தண்ணீருக்கு ஓடினேன்.
அவள் பிளக்கைப் பிடுங்கி
கோணிச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டு
"கரண்டுல தண்ணி ஊத்துவீங்களா?" என்றாள்.
"ஊதித் தள்ளிப்போட்டு, ஒயரைத் திருப்பி மாட்டுங்."

இரவு எட்டரைக்கு மறுபடி.
நான் பெடலை மிதித்தேன், பஸ் பிரேக் மாதிரி.
பெல்ட் உதறி எகிறியது.
"எறங்குங், எம்பட வேலை அது."
கட்டைவிரலைக் கொஞ்சம் சாய்த்தாள்,
பெல்ட் மெல்ல நகர்ந்தது. இன்னும் சாய்த்தாள்,
ஓடியது. எடுத்தாள்,
நின்றது, நான் காட்டிய இடத்தில்.
கத்தியை நான் பிடிக்க, காலை அவள் பிடிக்க
ஒரு முனை வந்தது
காகிதத்தை இழுக்காமல் கிழிக்கிற அளவுக்கு.

பெல்ட் நின்ற பின்னும்
அடியில் மோட்டார் உறுமிக்கொண்டேயிருந்தது.
கிளட்ச் மோட்டார் அப்படித்தான்.
அணைக்கப் போனேன். கையைத் தடுத்தாள்.
"சித்த இருக்கட்டும்.
இந்தச் சத்தத்துக்குள்ளதானுங்
பதினோரு வருசம் லைன்ல எல்லாத்தையும் பேசினோம்.
செர்வோ வந்தப்புறம்
பெருமூச்சு விட்டாக்கூட சூப்பர்வைசருக்குக் கேக்குது."

பிறகு என்னவோ சொன்னாள்.
உறுமலில் எனக்குக் கேட்கவில்லை.
அடுத்த கத்தியை எடுத்து நீட்டினாள்.